விரலைப் பின்னுவது முதல் ‘காலை உடைத்துக்கொள்’ வரை: அதிர்ஷ்டச் சைகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை ஏறப்போகிறவரிடம் ‘காலை உடைத்துக்கொள்’ என்கிறார்கள். நல்ல செய்தியைச் சொன்ன கையோடு மரத்தைத் தட்டுகிறார்கள். முடிவு வரும்வரை விரலைப் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு கதை தயாராக இருக்கும். பல ஆண்டுகளாக இந்தக் கதைகளின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கதையிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை முதலில் எழுதிவைத்தது யார், எந்தக் காலத்தில்? அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடித்த கதைகள் குறைவு. மற்றவற்றின் இடத்தில் எனக்குக் கிடைத்த செய்திகள் அந்தக் கதைகளைவிடப் பிடித்துப்போயின.

ஆள்காட்டி விரலின் மேல் நடுவிரலைப் போட்டுப் பின்னும் வழக்கம் எப்படி வந்தது?

இதற்கு இரண்டு கதைகள் சுற்றுகின்றன. ரோமப் பேரரசில் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண விரலாலேயே சிலுவை போட்டுக் காட்டினார்கள் என்பது ஒன்று. அதற்கும் முந்தைய ஐரோப்பாவில், ஒருவர் விரலின் குறுக்கே இன்னொருவர் விரலை வைத்தால் வேண்டுதல் அந்தச் சந்திப்பில் தங்கிவிடும் என்று நம்பினார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அந்தந்தக் காலத்துச் சான்று கிடையாது. அதிர்ஷ்டத்துக்காக விரலைப் பின்னுவது பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் தென்படுகின்றன.

உறுதியான சான்று கிடைப்பது பிள்ளைகளிடம். பிரிட்டனில் ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதி சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி, அவர்களுடைய விளையாட்டையும் வழக்குச் சொற்களையும் தொகுத்து 1959இல் வெளியிட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால், விரலைப் பின்னிக் காட்டி அதற்கென்று உள்ள ஒரு சொல்லைக் கத்தினால் போதும். அந்தப் பிள்ளையை அப்போது யாரும் தொடக்கூடாது. பின்னிய விரலுக்குள் இருக்கும்வரை பாதுகாப்பு. பொய் சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் விரலைப் பின்னிக்கொள்வதற்கும் இதே தர்க்கம்தான் என்று நினைக்கிறேன்: சொல்கிறேன், ஆனால் அதன் விளைவு என்னைத் தொடக்கூடாது.

2016இல் இந்தச் சைகை எமோஜியாகவும் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: வியட்நாமில் இதே சைகைக்கு ஆபாசமான பொருள் உண்டு. அங்கே யாரையும் இப்படி வாழ்த்திவிடாதீர்கள்.

ஜெர்மானியர்கள் கட்டைவிரலை மடக்கிப் பிடிப்பார்களாமே?

ஆமாம். ‘உனக்காகக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான் அவர்கள் வாழ்த்து. போலந்திலும் ஸ்வீடனிலும் கட்டைவிரலைப் ‘பிடித்துக்கொள்வார்கள்’. நான் இதை முதலில் பார்த்தது ஒரு வீடியோ அழைப்பில். நாங்கள் மாதக்கணக்காக உழைத்த மென்பொருள் அன்று வெளியாக வேண்டும். கடைசிப் பொத்தானை அழுத்தப்போகும் நேரத்தில், ஜெர்மனியில் இருந்த சக ஊழியர் இரண்டு முஷ்டிகளையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். கோபமாக இருக்கிறாரோ என்று பதறிப்போனேன். பிறகுதான் கவனித்தேன்: இரண்டு கட்டைவிரல்களும் மற்ற நான்கு விரல்களுக்குள் ஒளிந்திருந்தன.

விரல் பின்னுவதைவிட இதற்கு வயது மிக அதிகம். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது இறந்த ரோம எழுத்தாளர் பிளினி, தமது ‘இயற்கை வரலாறு’ என்ற பெருந்தொகுப்பில், ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பினால் கட்டைவிரலை அழுத்து என்று ஒரு பழமொழியே இருப்பதாக எழுதியிருக்கிறார். அவர் காலத்திலேயே அது பழமொழி! இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரோமில் ஒருவர் நண்பனுக்காக மடக்கிய விரலும் என் திரையில் தெரிந்த முஷ்டியும் ஒரே வடிவம்.

அப்படியானால், ரோம அரங்கில் தோற்ற வாள்வீரனுக்குக் கட்டைவிரலை உயர்த்தினால் உயிர், தாழ்த்தினால் சாவு என்பது?

அந்தக் காட்சி நம் மனதில் பதிந்ததற்குப் பெரும் காரணம் ஓர் ஓவியம். பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1872இல் தீட்டிய படத்தில், பார்வையாளர்கள் கட்டைவிரலைக் கீழ்நோக்கி நீட்டி மரண தண்டனை கேட்கிறார்கள். பழைய லத்தீன் நூல்களில் இருப்பதோ ‘திருப்பிய கட்டைவிரல்’ என்ற சொல் மட்டும். எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று அவை சொல்வதில்லை. லத்தீன் சான்றுகளை அலசிய ஆந்தனி கார்பெய்ல், கொல்லச் சொன்னவர்கள் விரலை மேலே நீட்டினார்கள், விடச் சொன்னவர்கள் உள்ளே அழுத்திக்கொண்டார்கள் என்று வாதிடுகிறார். பிளினியின் பழமொழியோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது.

மரத்தைத் தட்டுவது ஏன்?

மருத்துவமனையில் காத்திருந்த ஒரு மாலை. பக்கத்தில் இருந்தவர் தொலைபேசியில், “எல்லாம் நார்மல்னு சொல்லிட்டார்” என்றார். சொன்ன மறுநொடி அவருடைய விரல் முட்டி நாற்காலிக் கையைத் தட்டப் போய் நின்றது. அது பிளாஸ்டிக். கண் சுற்றிலும் தேடியது. இரண்டடி தள்ளி இருந்த கதவின் நிலைச்சட்டத்துக்கு எழுந்து போய், இரண்டு முறை தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பேச்சு நிற்கவே இல்லை. தாம் எழுந்து போனதே அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மரத்தில் தேவதைகள் குடியிருப்பதாகப் பழங்குடிகள் நம்பினார்கள், தட்டி எழுப்பி உதவி கேட்டார்கள் என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். சிலுவை மரத்தைத் தொடுவதன் மிச்சம் என்று வேறு சிலர் சொல்வார்கள். மர வழிபாடு இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கும் இந்தத் தட்டலுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெற்றிடம். பிரிட்டன், அயர்லாந்து நம்பிக்கைகளைத் தொகுத்த நாட்டாரியல் ஆய்வாளர் ஸ்டீவ் ரௌட் வேறோர் இடத்தைக் காட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ‘டிக்கி டச்வுட்’ என்று ஓர் ஓடிப்பிடி விளையாட்டு இருந்தது. துரத்துபவர் நெருங்கும்போது கதவையோ வேலியையோ மரத்தையோ தொட்டுக்கொண்டால் அவுட் கிடையாது. மரத்தைத் தொட்டால் தப்பித்தோம் என்ற பேச்சு அங்கிருந்து பெரியவர்களின் வாய்க்கும் வந்தது என்பது அவர் கருத்து.

விரல் பின்னலும் பிள்ளைகளிடம், மரம் தட்டலும் பிள்ளைகளிடம். துரத்தப்படும்போது தேடும் அடைக்கலம் இரண்டிலும் இருக்கிறது.

மரம்தான் வேண்டுமா? வேறு எதுவும் ஆகாதா?

ஊருக்கு ஊர் மாறும். இத்தாலியில் இரும்பைத் தொடுவார்கள். போலந்தில் மரம்தான், ஆனால் வண்ணம் பூசாத மரமாக இருக்க வேண்டும். துருக்கியில் தட்டுவதோடு காது மடலையும் இழுத்துக்கொள்வார்கள். ‘சைத்தானின் காதில் ஈயம்’ என்று கூடவே சொல்வதும் உண்டு. நாம் பேசியது அவன் காதில் விழாதிருக்கட்டும் என்பது பொருள். ரஷ்யாவில் இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்புவதுபோல் ஓசை எழுப்பிவிட்டுத் தட்டுவார்கள்.

தட்டும் திசைக்கும் இதில் பங்கு உண்டா?

சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜேன் ரைசனும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். கட்டுரை 2014இல் அச்சானது. ‘எனக்குத் தெரிந்த யாருக்கும் இந்தக் குளிர்காலத்தில் விபத்து நடக்காது’ என்பதுபோல் வம்பை விலைக்கு வாங்கும் ஒரு பேச்சைப் பங்கேற்பாளர்களைப் பேசவைத்தார்கள். பிறகு சிலரை மேசையின் மேற்புறத்தில், உடம்பிலிருந்து விலகும் திசையில் தட்டச் சொன்னார்கள். சிலரை மேசைக்கு அடியிலிருந்து தங்களை நோக்கித் தட்டச் சொன்னார்கள். வெளிநோக்கித் தட்டியவர்களுக்கு அதன்பின் பயம் குறைந்திருந்தது. தட்டுவதற்குப் பதில் ஒரு பந்தை வீசச் சொன்னபோதும் அதே பலன்தான். கெட்டதைத் தள்ளிவிட்டேன் என்று கை சொன்னால் மனம் நம்புகிறது. தோளுக்கு மேல் துப்புவதும் உப்பை வீசுவதும் உடம்பிலிருந்து வெளியே போகும் அசைவுகளே என்பதை இதைப் படித்த பிறகுதான் கவனித்தேன்.

நாடகக்காரர்கள் ‘காலை உடைத்துக்கொள்’ என்று வாழ்த்துவது ஏன்?

முதலில் தவறான கதையைத் தள்ளிவிடுவோம். 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனின் ஃபோர்டு அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நடிகர். சுட்டுவிட்டு மேடைக்குக் குதித்ததில் கால் உடைந்ததாக அவரே தமது குறிப்பேட்டில் எழுதினார். வாழ்த்து அதிலிருந்து பிறந்தது என்பார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வாழ்த்தைப் பற்றி எழுத்தில் பேச்சே இல்லை. கொலைகாரனின் உடைந்த காலைச் சக கலைஞருக்கு யார் வாழ்த்தாகச் சொல்வார்கள் என்பதும் எனக்குப் புரிந்ததில்லை.

எழுத்தில் கிடைக்கும் பழைய தடயங்களில் ஒன்று 1921ஐச் சேர்ந்தது. மூடநம்பிக்கைகளைப் பற்றி லண்டன் இதழ் ஒன்றில் எழுதிய ராபர்ட் லிண்ட், குதிரைப் பந்தயக்காரர்களிடம் நல்வாழ்த்துச் சொல்வது ஆகாது, ‘உன் கால் உடையட்டும்’ என்பதுபோல் எதையாவது சொல்ல வேண்டும் என்கிறார். மூடநம்பிக்கையில் நாடகத்தைக் குதிரைப் பந்தயத்துக்கு அடுத்ததாகத்தான் வைக்கிறார். மேடைக்கான தெளிவான சான்றுகள் 1930களுக்குப் பிறகு பெருகுகின்றன.

ஜெர்மன் மொழியில் ‘கழுத்தும் காலும் முறியட்டும்’ என்ற வாழ்த்து உண்டு. முதல் உலகப் போர்க்கால விமானிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அது. யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழி வழியாக எபிரேயத்தின் ‘ஹத்ஸ்லாகா உ-பிராகா’, அதாவது ‘வெற்றியும் ஆசியும்’, ஜெர்மானியர் காதில் அப்படி விழுந்து மருவியது என்று மொழியியலாளர் சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஓர் ஆசிதான் காது மாறி விழுந்து சாபமானது. இதை நிரூபிக்க நேரடிச் சான்று இல்லை. ஆனால் ஓசைப் பொருத்தம் வலுவானது.

பாலே நடனக்காரர்கள் பிரெஞ்சில் மலத்தைக் குறிக்கும் ‘மெர்த்’ என்ற சொல்லால் வாழ்த்துவார்கள். ஓபரா பாடகர்களுக்கு ‘தொய் தொய் தொய்’. மூன்று முறை துப்பும் ஓசையின் சொல் வடிவம். நார்வேயில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு ‘மட்டமான மீன்பிடி அமையட்டும்’ என்பதே வாழ்த்து.

இப்படி ஒருவர் வாழ்த்தினால் பதிலுக்கு என்ன சொல்வது?

நன்றி மட்டும் சொல்லக்கூடாது. இத்தாலியர் ‘ஓநாயின் வாய்க்குள் போ’ என்பார். பதில் ‘ஓநாய் சாகட்டும்’. ரஷ்யர் ‘தூவியும் வேண்டாம், இறகும் வேண்டாம்’ என்பார். வேட்டைக்குப் போனவனுக்கு விலங்கின் மயிரும் பறவையின் இறகும் கிடைக்காதிருக்கட்டும் என்று பொருள். அதற்குப் பதில் ‘சைத்தானிடம் போ’. இன்றும் தேர்வுக்குப் போகும் மகனிடம் அம்மா இதைச் சொல்வார், மகன் அம்மாவைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்வான். இரண்டு பேருக்கும் அதில் அன்பைத் தவிர வேறெதுவும் கேட்காது.

நல்லதைச் சொல்வதில் ஏன் இத்தனை பயம்?

என்னைப் பொறுத்தவரை இந்த எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி இதுதான். நல்லது வர வேண்டும் என்று செய்யும் சைகைகள் குறைவு. கையில் இருக்கும் நல்லதோ வரப்போகும் நல்லதோ எவர் கண்ணிலும் காதிலும் பட்டுவிடக்கூடாது என்று மறைக்கும் சைகைகளே அதிகம்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதற்கு ஒரு கதை சொல்கிறார். சாமோஸ் தீவை ஆண்ட பொலிக்ரேட்டஸ் தொட்டதெல்லாம் துலங்கியது. அவனுடைய நண்பனான எகிப்து மன்னன் அமாசிஸுக்கு அதுவே கவலையாகிவிட்டது. ‘தெய்வங்கள் பொறாமைப்படும். எதை இழந்தால் உனக்கு மிகவும் வலிக்குமோ அதை எறிந்துவிடு’ என்று எழுதி அனுப்பினான். பொலிக்ரேட்டஸ் படகேறிப் போய், தன் முத்திரை மோதிரத்தைக் கடலில் வீசினான். சில நாளில் ஒரு மீனவர் பெரிய மீனொன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அறுத்தால், வயிற்றில் மோதிரம். செய்தி கேட்ட அமாசிஸ் நட்பையே முறித்துக்கொண்டான்: இழந்ததுகூடத் திரும்பி வரும் அளவுக்கு அதிர்ஷ்டம் உள்ளவனுக்கு முடிவு நல்லதாக இருக்காது. பொலிக்ரேட்டஸ் பின்னர் பாரசீக ஆளுநர் ஒருவரின் சூழ்ச்சியில் சிக்கிக் கொடூரமாகக் கொல்லப்பட்டான்.

கண்ணேறு படாமலிருக்க நீலக் கண் மணியைக் கட்டுவதும், மரத்தைத் தட்டுவதும், கால் உடையட்டும் என்பதும் அமாசிஸின் அறிவுரையின் சிறிய வடிவங்கள் என்று எனக்குத் தோன்றும். மோதிரத்துக்குப் பதில் ஒரு கெட்ட சொல்லை முன்கூட்டியே கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறோம்.

தும்மினால் வாழ்த்துவது ஒரு போப்பாண்டவர் தொடங்கிவைத்ததா?

கி.பி. 590இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது முதலாம் கிரெகோரி அப்படி உத்தரவிட்டார் என்பார்கள். ஆனால் அவருக்கு ஐந்நூறு ஆண்டு முன்பே பிளினி, ‘தும்மியவரை நாம் ஏன் வாழ்த்துகிறோம்?’ என்று கேட்டுவைத்துவிட்டார். சிடுசிடுப்புக்குப் பெயர்போன திபேரியஸ் பேரரசர்கூட இந்த மரியாதையை எதிர்பார்த்தார் என்றும் சேர்த்து எழுதுகிறார். அதற்கும் முன்னால், கி.மு. 401இல், தலைவர்களை இழந்து தவித்த கிரேக்கப் படைக்கு முன் எழுத்தாளரும் படைத்தலைவருமான செனஃபோன் தப்பிப் பிழைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வீரர் தும்மினார். உடனே படை முழுவதும் தெய்வத்தை வணங்கியது.

திருக்குறளிலும் சான்று இருக்கிறது. 1317ஆம் குறளில் தலைவன் தும்முகிறான். தலைவி ‘வழுத்தினாள்’, அதாவது வாழ்த்தினாள். அடுத்த கணமே வாழ்த்தை அழித்துவிட்டு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். தும்மினால் வாழ்த்துவது, தும்மினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது, இரண்டு நம்பிக்கையும் ஏழே சீரில். இரண்டும் அன்றே ஊரறிந்த வழக்கம் என்பதால்தான் அந்த ஊடல் சொல்லாமலே புரிகிறது.

தும்மும்போது இதயம் நின்றுவிடுகிறது, அதனால்தான் வாழ்த்து என்பதில் உண்மை இல்லை. இதயம் நிற்பதில்லை.

குதிரை லாடம், நான்கு இலை குளோவர்?

லாடத்தில் முக்கியம் இரும்பு. தீய சக்திகள் இரும்புக்கு அஞ்சும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. சாத்தானின் குளம்பில் லாடம் அடித்து அலறவைத்ததாக, 988இல் இறந்த கேன்டர்பரி பேராயர் டன்ஸ்டன் பேரில் ஒரு கதை பின்னாளில் வழங்கியது. வாய் மேலே பார்க்க மாட்டினால் அதிர்ஷ்டம் தங்கும் என்பவரும், கீழே பார்க்க மாட்டினால் வருபவர் மேல் கொட்டும் என்பவரும் உண்டு.

குளோவர் என்ற சிறு செடிக்கு வழக்கமாக மூன்று இலை. நான்கு இருப்பது அபூர்வம், கண்டுபிடிப்பதே ஒரு சந்தோஷம். வயலில் நான்கு இலைப் புல்லைக் கண்டவனுக்குச் சீக்கிரமே நல்ல பொருள் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையை ஆங்கில எழுத்தாளர் ஜான் மெல்டன் 1620இலேயே குறித்துவைத்திருக்கிறார்.

நீரில் காசு போடுவது?

மிகப் பழையது. இங்கிலாந்தின் வடக்கே, ரோமர் எழுப்பிய ஹாட்ரியன் எல்லைச் சுவருக்குப் பக்கத்தில் கொவென்டினா என்ற நீர்த் தேவதையின் கிணற்றை 1876இல் தோண்டியபோது 13,000க்கும் மேற்பட்ட ரோமக் காசுகள் கிடைத்தன. பேரரசின் ஓரத்தில் காவல் நின்ற வீரர்கள் எதை வேண்டிப் போட்டார்களோ. இன்று ரோமின் த்ரேவி நீரூற்றில் விழும் காசை அவ்வப்போது திரட்டி, காரித்தாஸ் என்ற தொண்டு அமைப்பிடம் ஏழைகளுக்காகக் கொடுக்கிறார்கள்.

13 ஆகாது, 8 ராசி என்பதெல்லாம்?

எண்களின் ராசி பெரும்பாலும் ஒலியிலோ எழுத்திலோ இருக்கிறது. சீன மொழியில் எட்டின் ஒலி செழிப்பைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கிறது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் 2008ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது அதனால்தான். நான்கின் ஒலி சாவை நினைவூட்டும். இத்தாலியில் 13ஐவிட 17க்குத்தான் பயம்: ரோம எண்ணின் எழுத்துகளை இடம் மாற்றினால் ‘விக்ஸி’, ‘வாழ்ந்து முடித்தேன்’ என்று வரும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் விழுவதை அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். நாள்காட்டியின் 400 ஆண்டுச் சுழற்சியில் 13ஆம் தேதி வெள்ளியில் 688 முறை விழுகிறது; வேறெந்தக் கிழமைக்கும் அத்தனை முறை இல்லை.

‘அதிர்ஷ்டம்’ என்ற சொல்லுக்கே என்ன பொருள்?

வடமொழி ‘அ-த்ருஷ்ட’: காணப்படாதது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்வது என்பதே மூலப் பொருள். அதில் நல்லது கெட்டது என்ற பிரிவு இல்லை. எபிரேயத்தில் அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் ‘மசல்’ முதலில் நட்சத்திரக் கூட்டத்தைக் குறித்தது. ‘மசல் தோவ்’ என்பதைப் பலர் ‘ஆல் தி பெஸ்ட்’ என்று நினைத்துத் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். அது தேர்ச்சி பெற்ற பிறகு சொல்வது.

இவற்றால் பலன் உண்டா?

கொலோன் பல்கலைக்கழகத்தில் லைசன் டாமிஷ் குழு 2010இல் ஒரு சோதனையை வெளியிட்டது. கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ள வேண்டும், ஆளுக்குப் பத்து வாய்ப்பு. ‘இது ராசியான பந்து’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக ஆறுக்கு மேல் போட்டார்கள். மற்றவர்கள் ஐந்துக்குக் கீழே. உலகம் முழுக்க இது செய்தியானது. 2014இல் அமெரிக்காவில் ராபர்ட் காலின்-ஜேஜ்மனும் ட்ரேசி கால்டுவெல்லும் அதிகம் பேரை வைத்து அதையே திரும்பச் செய்தபோது வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்கள் இரண்டாவதையும் பகிர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இவற்றை மனிதர் எப்போது நாடுகிறார் என்பதை மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி நேரில் கண்டு எழுதினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் தங்கியிருந்த, நியூ கினிக்கு அருகிலுள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில், அமைதியான உப்பங்கழியில் மீன்பிடிக்கும்போது மந்திரச் சடங்கு கிடையாது. அங்கே கைத்திறன் போதும். ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே விரலைப் பின்னுகிறவரைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் திறந்த கடல்தான் நினைவுக்கு வரும்.

வேற்று மொழிக்காரரை எப்படி வாழ்த்துவது?

அவர் வழக்கம் தெரிந்தால் அதிலேயே வாழ்த்துங்கள், அவ்வளவு மகிழ்வார்கள். கட்டைவிரலை உயர்த்துவது ஈரான், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் வசையாக எடுத்துக்கொள்ளப்பட்ட சைகை என்பதால் அங்கே வாய்ச்சொல்லே பாதுகாப்பு.

நான் சொன்ன ஜெர்மன் நண்பரின் மகளுக்குப் போன மாதம் பல்கலைக்கழகத் தேர்வு. கட்டைவிரலை அழுத்துவதற்கென்று எமோஜி இல்லாததால், வெறும் முஷ்டி எமோஜி இரண்டை அவருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “கட்டைவிரல் இரண்டும் உள்ளேதானே இருக்கின்றன?”